நாள்வழியும் பேரேடும்: எழுதி வைத்ததைத் தேடி எடுப்பது எப்படி?



பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது "மச்சி, அந்த மார்ஜினல் காஸ்டிங் கணக்கு சார் போட்டாரே, அது எந்த நோட்டுல இருக்கு?" என்று கேட்காதவர் நம் வகுப்பில் யாராவது உண்டா? எழுதியது ஞாபகம் இருக்கும். பச்சை மை பேனாவில் எழுதியதுகூட ஞாபகம் இருக்கும். ஆனால் எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டோ அனுப்பியிருப்பார்கள். அதற்கு மேல் இருநூறு குட் மார்னிங் வந்து விழுந்திருக்கும்.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். குறிப்பு எழுதுவது எப்படி என்று சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். எழுதியதைத் திரும்ப எடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியோடு நம் பக்கத்தில் முன்னூறு வருடமாக என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கப் போகிறோம். முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி

எங்கள் ஊர் நெடுங்காடு. காரைக்காலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நெல் விளையும் ஊர். காவிரியின் கடைமடை. தாத்தா விவசாயி. எட்டாவது வரைக்கும்தான் படித்தார். ஆனால் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் திண்ணையில் உட்கார்ந்து டைரி எழுதாமல் படுக்க மாட்டார். உரக்கடையிலும் பாங்கியிலும் இலவசமாகக் கொடுக்கும் டைரிகள்தான். அப்படி முப்பத்தெட்டு டைரிகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

என்ன எழுதினார்? வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, நாற்று விட்ட தேதி, நடவு ஆள் எத்தனை பேர், கூலி எவ்வளவு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், பசு கன்று போட்டது, மழை பெய்தது. 2004 டிசம்பர் 26-ம் தேதி பக்கத்தில், கடற்கரை சனங்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள், இரண்டு மூட்டை அரிசி கொடுத்தோம் என்று இரண்டே வரி இருக்கிறது. சுனாமி என்ற வார்த்தை அடுத்த வாரம்தான் வருகிறது. அன்றைக்கு அந்தப் பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

தாத்தா காலமானபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்து சில மாதம் கழித்துப் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். விதை நெல்லும் உழவுக் கூலியுமாகத் தாத்தா தனக்கு ஆறாயிரத்துச் சொச்சம் பாக்கி என்றார். எந்த வருடம் என்று கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கைச்சாத்து எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கோபம். "எங்க மாமா யாருக்கும் பாக்கி வைக்கிற ஆள் இல்லீங்க. அப்படி இருந்தா எழுதி வச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டார்கள்.

எழுதி வைத்திருப்பார் என்றால் தேட வேண்டுமே! அப்பாவும் நானும் ஐந்து ராத்திரி உட்கார்ந்து டைரிகளைப் புரட்டினோம். முப்பத்தெட்டு டைரி, ஒவ்வொன்றிலும் முன்னூற்றறுபத்தைந்து பக்கம், தாத்தாவின் பொடி எழுத்து. ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவரிடம் அப்படியே சொன்னோம். "சரி தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் விடை

நாம் பி.காம். படிக்கிறோம். முதல் வருடத்தில் முதலில் சொல்லித்தருவது என்ன? நடவடிக்கைகளைத் தேதி வரிசைப்படி குறிப்பேட்டில் எழுது. பிறகு அதையே பேர் வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்று. நம் ஊர்க் கடைகளில் பழைய ஆட்கள் இவற்றை நாள்வழி, பேரேடு என்பார்கள். செட்டிநாட்டுக் கணக்கில் இதற்கெல்லாம் முடிவாக ஐந்தொகை போடுவார்கள்.

ஒரே செய்தியை ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும்? இது நம்மில் பலர் கேட்ட கேள்விதான். பதில் எளிமையானது. நாள்வழியைக் கேட்டால் "அன்றைக்கு என்ன நடந்தது?" என்பதற்குப் பதில் வரும். "முருகன் நமக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டால் நாள்வழிக்குப் பதில் தெரியாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். பேரேட்டைக் கேட்டால் முருகன் பக்கத்தைத் திறந்து ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

லூக்கா பச்சோலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் வெனிஸ் நகரத்தில் ஒரு கணிதப் புத்தகம் அச்சிட்டார். இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கனவே செய்துவந்ததை எழுதி வைத்தார், அவ்வளவுதான். அதில் மூன்று புத்தகம் சொல்கிறார். முதலாவது நினைவுக் குறிப்பு. கடையில் இருக்கும் யாரும் நடந்ததை நடந்தபடி உடனே கிறுக்கி வைக்கலாம். இரண்டாவது குறிப்பேடு. அதே விஷயம் ஒழுங்குபடுத்தி எழுதப்படும். மூன்றாவது பேரேடு. இது போதாது என்று பேரேட்டுக்கு எழுத்து வரிசையில் ஒரு பெயர்ப் பட்டியலும் வேண்டும் என்கிறார். எந்தப் பேர் எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். அந்தக் கால இத்தாலியில் அந்தப் பட்டியலுக்கு இருந்த பெயர்களில் ஒன்றுக்கு "கண்டுபிடித்துத் தருவது" என்றுதான் அர்த்தம்.

குறிப்பேட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, பே.ப.எண் என்று? பேரேட்டுப் பக்க எண். பரீட்சையில் நாம் எல்லோரும் காலியாக விட்டுவிடும் கட்டம். அதற்கு மார்க்கும் கிடையாது. ஆனால் நாள்வழிக்கும் பேரேட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம் அதுதான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

நாள்வழி எழுதிய மனிதர்

தாத்தாவின் டைரியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில் நடந்திருப்பீர்கள். அந்த ரங்கப் பிள்ளைதான்.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையோடு சின்ன வயதிலேயே புதுச்சேரிக்கு வந்தார். வியாபாரி. பாக்கு, துணி என்று பல சரக்கு. சொந்தமாகக் கப்பலும் இருந்தது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746-ல் இறந்த பிறகு அந்தப் பதவி இவருக்கு வந்தது. கவர்னர் துய்ப்ளேயின் வலதுகை மாதிரி இருந்தார்.

இவர் 1736 செப்டம்பர் 6-ம் தேதி ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். கேட்டது, பார்த்தது, கப்பல் வரத்து போக்கு எல்லாவற்றையும் எழுதப் போவதாக ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இடையிடையே விட்டுப்போன நாட்கள் உண்டு. இருந்தாலும் 1761 ஜனவரியில் அவர் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை. அதே மாதம் 16-ம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. இருபத்தைந்து வருடக் குறிப்பு!

எங்கள் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739-ல். அதாவது பிள்ளை எழுதத் தொடங்கி மூன்றாவது வருடம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது, 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனது, அதே வருடம் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது எல்லாமே அவர் கண்முன்னால் நடந்தவை. சரக்கு விலையும் கவர்னர் மாளிகைப் பேச்சும் ஊர் வம்பும் ஒரே பக்கத்தில் வரும். பேசுகிற தமிழிலேயே எழுதினார். நடுநடுவே பிரெஞ்சு, போர்த்துகீசு, தெலுங்கு வார்த்தைகள். கடையில் உட்கார்ந்து கணக்குப் பிள்ளையிடம் சொல்வதுபோல இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் குறிப்புக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. தேதி. ஆங்கிலத் தேதி, தமிழ் வருடம், மாதம், கிழமை என்று பிரமாதமாகப் போட்டார். ஆனால் அது நாள்வழி மட்டும்தான். பேரேடு கிடையாது. அவர் உயிரோடு இருந்தவரை அது குறையாகத் தெரிந்திருக்காது. எது எங்கே இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. தலை போனதும் பேரேடும் போய்விட்டது.

பிறகு என்ன ஆனது? அவர் குடும்பத்தில் வந்தவர்களும் நாட்குறிப்பு எழுதினார்கள் என்றாலும், பிள்ளையின் குறிப்புகள் வெளியுலகத்துக்குத் தெரியாமல் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கல்வா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தார். எண்பத்தைந்து வருடம் கழித்து! அதன் பிறகு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டது. பிள்ளை எழுத எடுத்துக்கொண்ட காலமும், அதை அவர்கள் வெளியிட எடுத்துக்கொண்ட காலமும் கிட்டத்தட்ட ஒன்றே. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சாகத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1948-ல்தான். தமிழில் எழுதியதைத் தமிழன் படிப்பதற்கு முன்னால் இங்கிலீஷ்காரன் படித்துவிட்டான்.

ஆங்கிலத் தொகுதிகளில் பின்னால் பெயர் வரிசை சேர்த்தார்கள். பிள்ளை விட்டுப்போன பேரேட்டை வேறு யாரோ முடித்துக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பிள்ளை செய்தது தப்பா? இல்லவே இல்லை. அவர் பேரேடு மட்டும் எழுதியிருந்தால் நமக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. பேரேட்டில் ஏற்றும்போது "இது எந்தத் தலைப்பில் வரும்?" என்று கேட்போம். எந்தத் தலைப்பிலும் வராததைத் தூக்கிப் போட்டுவிடுவோம். கவர்னர் அன்றைக்கு என்ன முகத்தோடு இருந்தார் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது. நாள்வழியில் உண்டு. எது பின்னால் முக்கியமாகப் போகிறது என்று எழுதும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எங்கள் தாத்தாவின் இரண்டு மூட்டை அரிசி மாதிரி.

பேரேடு எழுதிய மனிதர்

இன்னொருவர் எங்கள் பக்கத்து டெல்டாக்காரர். உ.வே.சாமிநாதையர். 1855-ல் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்தவர். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். இரண்டு ஊரும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்தார். அந்த வருடம் அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பைப் பார்க்கப் போன கதை எல்லோருக்கும் தெரியும். "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று அவர் கேட்க, இவர் முழித்த கதை. அதிலிருந்து ஏழு வருடம் உழைத்து 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார்.

அந்த ஏழு வருடம் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. அந்த உரையில் வேறு பழைய நூல்களின் வரிகள் மேற்கோளாக வரும். ஆனால் எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்த நூல்களே அப்போது அச்சில் இல்லை. பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. நம்மில் ஒருவராக இருந்தால் "தெரியவில்லை" என்று தாண்டிப் போயிருப்போம்.

அவர் தாண்டவில்லை. சொற்களுக்கு அகராதி எழுதினார். புரியாத மேற்கோள்களைக் குறித்து வைத்தார். வேறு ஏடு ஒன்று கைக்கு வரும்போது, முன்பு குறித்த வரி அதில் இருக்கிறதா என்று பார்த்தார். திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பத்துப்பாட்டு கிடைத்தபோது, உரையில் பார்த்த வரிகள் அங்கே இருப்பது தெரிந்தது. பூட்டு முன்னாலேயே கையில் இருந்தது, சாவி பிறகு வந்தது. பூட்டு எங்கே வைத்தோம் என்று தெரிந்ததால்தான் சாவி பயன்பட்டது!

1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. புத்தகம் அடுத்தடுத்து வந்தது அதிர்ஷ்டத்தால் இல்லை. ஒரு புத்தகத்துக்கு எடுத்த குறிப்பு அடுத்த புத்தகத்துக்கு உதவியது. நம் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு பதிவுக்கும் பே.ப.எண் போட்டு வைத்தார்.

இன்னொன்று. அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல் காலமானார். ஆசிரியரின் வரலாற்றை ஐயர் இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934-ல். ஐம்பத்தேழு வருடம் கழித்து! அதுவரை கடிதங்கள், தனிப்பாட்டுகள், பழகியவர்கள் சொன்ன செய்திகள் என்று சேர்த்துக்கொண்டே வந்தார். நமக்கு ஐந்து மாதத்துக்கு முந்தைய நோட்டு கிடைப்பதில்லை.

ஒரு ஆங்கிலேயரின் இரண்டு பக்கம்

"அவரெல்லாம் பெரிய மனிதர், நமக்கு நேரம் ஏது?" என்பீர்கள். நியாயம். அதற்குத்தான் ஜான் லாக்கைக் கூப்பிடுகிறேன். அரசியல் பாடத்தில் வரும் அதே தத்துவ ஞானி.

படிக்கும்போது எடுக்கும் குறிப்புகளை எப்படி ஒரு நோட்டில் ஒழுங்காக வைப்பது என்று அவர் ஒரு முறை செய்து வைத்திருந்தார். இருபது வருடத்துக்கும் மேல் அதைப் பயன்படுத்திவிட்டு 1686-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வெளியிட்டார். முறை இதுதான்.

நோட்டின் முதல் இரண்டு பக்கத்தை அட்டவணைக்கு ஒதுக்கிவிட வேண்டும். குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புச் சொல். அந்தச் சொல்லின் முதல் எழுத்து, அதற்கு அடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டையும் வைத்து அட்டவணையில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பக்க எண்ணை எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து உயிர் என்பதால் சுமார் நூறு கட்டம். இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். நோட்டின் உள்ளே குறிப்புகள் எப்படி வந்து விழுந்தாலும் பரவாயில்லை. முன்பக்கம் பார்த்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் மெய்யும் அடுத்த உயிரும் என்று அவர் இரண்டு எழுத்தைத் தேடிப் பிடிக்கிறார். நமக்கு அது ஒரே எழுத்து! காரைக்கால் என்றால் "கா". மொய் என்றால் "மொ". உயிர்மெய் என்று நம் ஆட்கள் எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். அதுவும் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. ற, ன, ள, ழ எல்லாம் வராது என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். ஆகவே நமக்கும் இரண்டு பக்கம் போதும்.

(ட கூட வராது என்று இலக்கணம் சொல்லும். தாத்தா டைரியில் டிராக்டர், டீசல் இரண்டும் மாதம் ஐந்து தடவை வரும். ட-வுக்கு ஒரு வரி விட்டுத்தான் ஆக வேண்டும்!)

ஒருவர் சேர்த்தது ஊருக்குப் போவது

இன்னும் ஒருவரைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதை எல்லாம் வீட்டில் சேர்த்தார். சேர்த்தது சுமார் ஒரு லட்சம். 1992-ல் அவர் இறந்தார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. நல்லவேளையாக அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. இன்று தமிழ் பற்றி ஆராய்ச்சி செய்யும் யாரும் அங்கே போகாமல் இருக்க முடியாது.

அங்கே ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். அதனால்தான் அது நூலகம். பட்டியல் இல்லாவிட்டால் அது ஒரு லட்சம் பழைய காகிதம். பிள்ளையின் குறிப்புக்கு எண்பத்தைந்து வருடம் கழித்து வாய்த்தது முத்தையாவின் சேகரிப்புக்குச் சில வருடத்திலேயே வாய்த்தது. எல்லோர் வீட்டுப் பெட்டிக்கும் அது வாய்க்காது. சிகாகோவிலிருந்து நெடுங்காட்டுக்கு யாரும் வரப் போவதில்லை. நம் பெட்டிக்கு நாம்தான் பட்டியல் போட வேண்டும்.

நான் செய்தது

போன செமஸ்டர் லீவில் தாத்தாவின் டைரிகளை எடுத்தேன். எல்லாவற்றையும் டைப் அடித்துவிட வேண்டும் என்று ஆரம்பித்து, நான்கு நாளில் கைவிட்டேன். தப்பு அதில்தான். நாள்வழியை மறுபடி நாள்வழியாகவே எழுதி என்ன பயன்?

பிறகு வேறு மாதிரி செய்தேன். டைரிகளுக்கு 1 முதல் 38 வரை எண் கொடுத்தேன். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுத்துவாரியாகப் பிரித்தேன். டைரியைப் புரட்டிக்கொண்டே வந்து, ஆள் பெயர், நிலம், கடன், மாடு, போர், தண்ணீர் என்று சொல் கண்ணில் பட்டால் அந்த எழுத்தின் கீழ் டைரி எண்ணும் தேதியும் மட்டும் போட்டேன். விஷயத்தை எழுதவில்லை. "பா: பாக்கி, 29, ஆவணி 12" என்று இவ்வளவுதான். ஒரு டைரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. லீவு முடிவதற்குள் பதினாறு டைரி முடிந்தது.

கடைசியில் இருந்த டைரிகளிலிருந்து பின்னோக்கிப் போனேன். நான்காவது நாள், முப்பத்தைந்தாவது டைரி. ஐப்பசி மாதத்துப் பக்கத்தில் பசு சினை பிடித்ததை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஓரத்தில் தாத்தா எழுதியிருந்தார். பெரியவர் பெயர். விதை, உழவு இரண்டும் சேர்த்து பாக்கி 6,400. தை அறுப்பில் கொடுக்க வேண்டும்.

அந்தத் தையில் தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். அறுப்பை அப்பாதான் பார்த்தார்.

நாங்கள் முன்பு ஐந்து ராத்திரி தேடியபோது இந்தப் பக்கத்தையும் புரட்டியிருக்கிறோம். கடன் என்ற வார்த்தையையும் பெரிய எழுத்தில் ரூபாயையும் தேடிக்கொண்டிருந்தோம். பசு மாட்டுக்குக் கீழே பார்க்கத் தோன்றவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டுப் பணம் எடுத்துவரச் சொன்னார்கள். மறுநாள் காலையில் மூன்று பேரும் போனோம். டைரியையும் எடுத்துக்கொண்டு போனோம். அம்மாதான் பேசினார்கள். "மன்னிச்சுக்குங்க, அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன்" என்றார்கள்.

பெரியவர் பணத்தை எண்ணவில்லை. டைரியை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். "உங்க மாமா எழுதி வச்சிருப்பாருன்னு எனக்குத் தெரியும்மா. அதான் நான் அப்புறம் கேக்கவே இல்ல" என்றார். காபி போடச் சொன்னார்.

தாத்தா தன் கடமையைச் செய்துவிட்டார். எழுதி வைத்தார். தேடி எடுக்க வேண்டியது எங்கள் பங்கு. எங்களால் அது முடியாததால் சரியாகச் சொன்ன ஒரு மனிதர் நான்கு வருடம் பொய் சொன்னவராக எங்கள் தெருவில் நடந்துபோயிருக்கிறார். அந்தச் சின்னக் கட்டத்துக்குப் பரீட்சையில் மார்க் இல்லாமல் இருக்கலாம். அதன் விலை எனக்குத் தெரிந்துவிட்டது.

சுருக்கமாக

ஒன்று, தினமும் எழுதுங்கள். தலைப்பு யோசிக்காதீர்கள், தேதி போட்டால் போதும். ஆனந்தரங்கப் பிள்ளை வழி.

இரண்டு, வாரத்தில் ஒரு நாள் அரை மணி உட்கார்ந்து அந்த வாரம் எழுதியதில் எது எந்தப் பக்கம் என்று அட்டவணையில் ஏற்றுங்கள். விஷயத்தைத் திருப்பி எழுத வேண்டாம், பக்க எண் போதும். லாக்கின் இரண்டு பக்கம்.

மூன்று, புரியாததையும் குறித்து வையுங்கள். பின்னால் வேறு எங்காவது விடை கிடைக்கும்போது கேள்வி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். சாமிநாதையர் வழி.

நான்கு, அட்டவணையை இன்னொருவர் பார்த்தாலும் புரிகிற மாதிரி வையுங்கள். போனில் வைத்தாலும் நோட்டில் வைத்தாலும் இதுதான். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் பேரேடு உங்களோடு போய்விடும்.

இன்னும் இருபத்திரண்டு டைரி பாக்கி இருக்கிறது. அடுத்த லீவில் முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். பரணில் பாருங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ஜினல் காஸ்டிங் கணக்கு என்னுடைய இரண்டாவது நோட்டு, 47-ம் பக்கம். வேண்டுபவர்கள் கேட்கலாம்!